ஆறு படத்தில் மூன்று தப்பு

அய்யா உண்டு

24.03.2025, திங்கள்

அன்புள்ள அத்தானுக்கு வடிவு எழுதிக்கொள்வது.

பள்ளிக்கூடத்தில் அந்த அட்மிஷன் அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளைச் சோதித்துச் சேர்க்கிற மிஸ் ஒருத்தி, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், வெளி மாவட்டம் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவள் பக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டுகிற ஒரு பெண். இந்தப் பக்கம் உங்கள் அக்கா அஞ்சு மைனி, நான், என் மடியில் நந்தனா. ஆக ஐந்து பேர். கதவருகே நின்ற வாட்ச்மேனைச் சேர்த்தால் ஆறு. அவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர். நந்தனா சொன்ன பதிலுக்கெல்லாம் சரிதான் என்று தலையாட்டியவர் அவர் ஒருவர்தான்.

போனில் நீங்கள் கத்தினீர்கள், நானும் கத்தினேன். உங்கள் ரூமில் எட்டு பேர் கேட்டிருப்பார்கள், இங்கே மாமா கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. எழுதி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

மிஸ் ஆறு படம் காட்டினாள். யானைக்கு "ஆனை" என்றாள் நந்தனா. வாழைப்பழம், மீன் இரண்டும் சொன்னாள். இதுவரை சரி. நாலாவது பூனை. கை தட்டிக்கொண்டு "பூச்ச!" என்றாள்.

"பூச்சியா? இதுல பூச்சி எங்க இருக்கு பாப்பா?" என்று மிஸ் படத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பூச்ச. பாலு குடிக்கும்" என்று நம் பிள்ளை விளக்கமும் கொடுத்தது.

அடுத்தது பலாப்பழம். "சக்க." மிஸ் முகத்தைச் சுளித்து, "சக்கைன்னா பிழிஞ்சு கீழ போடுறது இல்லையா மேடம்?" என்று மைனியைக் கேட்டாள். கடைசியில் நாய்ப் படம். "பட்டி." மிஸ் நேரே எழுதிக்கொண்டாள்.

"மிஸ், அது எங்க ஊருப் பேச்சு. பூச்சைன்னா பூனை, சக்கைன்னா பலா" என்று நான் சொல்லத் தொடங்கினேன். மைனி என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். "வீட்டுல அவ அம்மா அப்பிடிப் பேசிப் பழக்கிட்டா மிஸ். அவ பொறந்த ஊரு கருங்கல் பக்கம். மாத்திரலாம்" என்றாள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சக்கை வற்றலை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்ற அதே மைனி.

வெளியே வருமுன் உங்கள் போனுக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆறில் மூன்று தப்பு, பூனையைப் பூச்சி என்கிறது, பேச்சு வளர்ச்சி குறைவு, ஒரு வருஷம் பிரீ-கேஜியில் இருத்திப் பேச்சுப் பயிற்சியும் கொடுக்கவேண்டும் என்று. அத்தான், மூன்று வயதும் நாலு மாதமும் ஆன பிள்ளை அவள். அவள் வாயில் வரும் ஒவ்வொரு புதுச் சொல்லையும் நான் டைரியில் தேதி போட்டு எழுதுகிறேன். நேற்று வரை ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரே சொல் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன், வரவில்லை. இவளுக்கா பேச்சுக் குறைவு?

என் யோசனை இது. ஒரு வருஷம் நம் தெரு முனை அங்கன்வாடிக்குப் போகட்டும். ஜெபகனி டீச்சர் நல்ல மனுஷி. அடுத்த வருஷம் ஜூனில் எந்தப் பள்ளி என்று சேர்ந்து யோசிப்போம்.

மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வடிவு

*

சோஹார்
ஓமன்
28.03.2025, வெள்ளி

வடிவுக்கு, அய்யா உண்டு.

நாலு போட்டோவும் கிடைத்தது. மூன்றாம் பக்கத்தில் உன் கை நிழல் விழுந்திருக்கிறது, அடுத்த தடவை முற்றத்தில் வைத்து எடு. நோன்பு மாதம் ஆனதால் வேலை சீக்கிரம் முடிகிறது, எழுத நேரம் கிடைத்தது.

ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. ரூமில் கொல்லத்துக்காரன்தான் படித்துச் சொன்னான். "எடா முருகதாசே, இது பூச்ச தன்னெயல்லே? கொச்சு சரியாயிட்டல்லே பறஞ்ஞது!" என்று கட்டிலில் உருண்டு சிரித்தான். பூச்சை பூனைதானே, பிள்ளை சரியாகத்தானே சொன்னது என்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்குப் புரியும். அட்மிஷன் போடுகிற இடத்தில் அவனா உட்கார்ந்திருக்கிறான்?

ஏட்டி, உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. பதினோரு வருஷமாகச் சாரம் கட்டுகிறேன். பைப்பைத் தொட்டால் எடை சொல்லுவேன். போன மாதம் போர்மேன் ஆக்குவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். காலையில் நாற்பது பேர் முன்னால் நின்று அன்றைக்கு என்ன வேலை, எதில் கவனம் வேண்டும் என்று இங்கிலீஷ் தாளை வாசிக்க வேண்டும். நாலு வரிதான். எழுத்துக்கூட்டி வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். என்னிடம் வேலை படித்த பையன் இப்போது எனக்குப் போர்மேன்.

சாரத்துக்கு அடியில் நிறுத்துகிற முதல் பைப் கோணினால் மேலே எத்தனை கட்டினாலும் கோணல்தான். பிள்ளைக்கும் அப்படித்தான். மூன்று வயதில் போட்டதுதான் நிற்கும். அங்கன்வாடியில் என்ன இருக்கிறது? முட்டையும் சத்துமாவும். என் பிள்ளைக்கு நான் முட்டை வாங்கிக் கொடுக்க மாட்டேனா?

நான் முடிவு பண்ணிவிட்டேன். நம் ஊருக்கு அந்தப் பள்ளிக்கூட வேன் வராது. அதனால் நந்தனா திங்கள் முதல் வெள்ளி வரை வடசேரியில் அக்கா வீட்டில் இருக்கட்டும். வெள்ளி சாயங்காலம் அக்கா கொண்டுவந்து விடுவாள். ஏப்ரல் 28-ஆம் தேதி கோடை வகுப்பு தொடங்குகிறது, அதிலேயே சேர்த்துவிடலாம், பழகிவிடும். அதுவரை வீட்டில் பூச்சை, பட்டி எல்லாம் வேண்டாம்.

அப்பாவைப் பார்த்துக்கொள். நந்தனாவுக்கு முத்தம்.

முருகதாஸ்

*

அய்யா உண்டு

06.04.2025, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

தாங்கலுக்குப் போய் அய்யாவைக் கும்பிட்டு வந்து, நெற்றி நாமம் காயுமுன் எழுத உட்கார்ந்தேன்.

அந்த நாலு வரியை நினைத்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சிரித்தவர்களை அய்யா பார்த்துக்கொள்வார். ஆனால் அவர்கள் சிரித்ததற்கு நந்தனா ஏன் ஐந்து நாள் அம்மா இல்லாமல் இருக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அங்கன்வாடியில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எனக்கும் முழுவதும் தெரியாது, அதனால் போய்ப் பார்த்தேன். திங்கள் ரம்ஜான் லீவு. செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள், நந்தனாவையும் கூட்டிக்கொண்டு காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்டதைக் குறைக்காமல் கூட்டாமல் எழுதுகிறேன்.

முதலில் குறைகள். ஐந்து நாளில் ஜெபகனி டீச்சர் இருந்தது மூன்று நாள். இரண்டு நாள் மீட்டிங், ஏதோ கணக்கெடுப்பு என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் ஆயா சொர்ணம்மாள்தான் பார்த்தாள். அவளுக்கு அன்பு உண்டு, தொண்டையும் உண்டு. "ஏலே, மண்ணத் தின்னாத! சோறு வருதுலா!" என்றால் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். கக்கூஸில் குழாய் ஒழுகுகிறது. பொம்மைகளில் பாதிக்குக் கை இல்லை.

இனி நிறைகள். பிள்ளைகள் பதினாலு பேர். செவ்வாய்க்கிழமை ஒரு பூனை ஜன்னல் வழியாக உள்ளே குதித்தது. பதினாலும் ஒரே கத்தல். நம்மவள் "பூச்ச" என்றாள். பக்கத்தில் இருந்தது "பூனை" என்றது. தேங்காய்த் தும்பு ஆலையில் வேலை பார்க்கிற வடக்கத்தியார் பிள்ளை ஒன்று இருக்கிறது, அது "பில்லி, பில்லி" என்று குதித்தது. பிளே ஸ்கூலில் இருந்து நின்றுவிட்டு வந்த ஒரு பையன் "கேட்" என்றான். எது சரி என்று நாலும் சண்டைக்கு நின்றன. டீச்சர் யாரையும் அடக்கவில்லை. "சரி, இதுக்கு எத்தன பேருலே? எண்ணுங்க பாப்போம்" என்றார். விரல் மடக்கி எண்ணினார்கள். நாலு. "அப்போ இது பெரிய ஆளுதான். நம்மளுக்கெல்லாம் ஒரு பேருதான இருக்கு?" என்றதும் ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வரும்போது நந்தனா நாலு பெயரையும் சொல்லிக்கொண்டே வந்தாள். டைரியில் அன்றைக்கு மட்டும் மூன்று புதுச் சொல்.

பெற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்டேன். வியாழக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட வந்தவர்களில் இரண்டு பேர் என்னோடு நின்று பேசினார்கள். ஒன்று, தையல் கடை அஜிஷா. இன்னொன்று, கொத்தனார் ஜான்ரோஸ், "கேட்" சொன்ன பையனின் அப்பா.

"இஞ்ச என்ன படிப்பு இருக்குன்னு பிள்ளைய விடுதிய அக்கா? நான் விடுதது ரெண்டு பிளவுஸ் தைக்க நேரம் கிடைக்குமேன்னுதான்" என்றாள் அஜிஷா.

"உண்மையச் சொன்னியே, நல்லாரு" என்றார் ஜான்ரோஸ். "எனக்க பய ஒரு வருஷம் பிளே ஸ்கூலு போனான். ஏ ஃபார் ஆப்பிள்னு மூச்சு விடாம சொல்லுவான். வடசேரிச் சந்தையில ஆப்பிளக் காட்டி இது என்னலேன்னு கேட்டேன். கொய்யாக்காங்கான்."

"இப்போ?" என்றேன்.

"இப்போ ஆப்பிளத் தின்னுகிட்டு, பாதிய தங்கச்சிக்குக் குடுக்கான். முன்ன குடுக்க மாட்டான், கடிச்சு வெச்சிருவான். எனக்கு அது போதும்."

"பங்கு வைக்கதுக்கு ஒரு பள்ளிக்கூடமா அண்ணாச்சி?" என்று கேட்டாள் அஜிஷா.

"ஏட்டி, எங்க வீட்டுல அண்ணனும் தம்பியும் நடைபாதைக்கு ஒம்பது வருஷமா கோர்ட்டுல நிக்கோம். சின்னதிலே எவனாவது படிப்பிச்சுத் தந்திருந்தா நல்லா இருந்திருக்கும்லா?"

அஜிஷாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான்.

அத்தான், நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அதன் பிறகு படித்ததெல்லாம் தாங்கலில் பெரியவர்கள் ஏடு வாசிக்கப் பக்கத்தில் இருந்து எழுத்துக்கூட்டியதும், பேப்பரும், நூலகப் புத்தகமும்தான். அதில் எனக்குத் தெரிந்தது ஒன்று. கேட்டால் அடிக்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில்தான் நான் சந்தேகம் கேட்டேன். கேட்ட இடத்தில்தான் படித்தேன். மூன்று வயதில் போட்டதுதான் நிற்கும் என்று நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. எதைப் போடுகிறோம் என்பதில்தான் நமக்குள் வழக்கு. அவள் வாயைத் திறந்ததும் தப்பு என்று எழுதுகிற இடத்தில் போட்டால், அந்தத் தப்பும் நிற்கும்.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பணத்தைப் பற்றியும் பேசவில்லை. இப்போது வேண்டாம், அம்மா இல்லாமல் வேண்டாம். இவ்வளவுதான்.

வீட்டில் எப்படிப் பேசவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் எழுதவில்லை.

உங்கள்
வடிவு

*

சோஹார்
11.04.2025, வெள்ளி

வடிவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். வக்கீல் மாதிரி எழுதுகிறாய். பதில் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. அதைத்தானே நானும் சொல்கிறேன்?

ஜான்ரோஸ் அவன் பிள்ளையைக் கொத்தனார் ஆக்கட்டும். என் பிள்ளை மைக்கைப் பிடித்துப் பேசவேண்டும்.

அக்கா 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காரில் வருவாள். நந்தனாவுக்கு ஐந்து நாள் துணி, அந்த நீலப் போர்வை, இருமல் மருந்து எல்லாம் எடுத்து வை. அழுதால் ஒரு வாரம் அழும். பிறகு சரியாகிவிடும். பிள்ளைகளுக்கு எதுவும் நினைவில் நிற்காது.

இதற்கு மேல் எழுத வேண்டாம்.

முருகதாஸ்

*

அய்யா உண்டு

28.04.2025, திங்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியாத சங்கதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மைனி வந்தபோது வீட்டில் இருந்தவர்கள்: மாமா, நான், நந்தனா. தாங்கலில் இருந்து அப்போதுதான் வந்த மாமா தலைப்பாகையைக்கூட அவிழ்க்கவில்லை. காரில் டிரைவர் இருந்தார், அவர் இறங்கவில்லை. மைனியோடு சேர்த்துப் பேச்சில் இருந்தது நாலு பேர்.

நீங்கள் சொன்னபடி துணி எடுத்து வைத்திருந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீலப் போர்வையும் வைத்திருந்தேன். அனுப்ப மனமில்லை, ஆனால் உங்கள் பேச்சைத் தட்டியதாக இருக்கக்கூடாது என்று வைத்தேன்.

மைனி ரோஜா நிறத்தில் ஒரு ஸ்கூல் பேக் வாங்கி வந்திருந்தாள். நந்தனாவுக்குக் காலே தரையில் இல்லை. மாட்டிக்கொண்டு நடந்து நடந்து காட்டினாள். "அம்மா, நான் அத்தை வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வாறேன்" என்றாள்.

பொய் சொல்லி அனுப்ப என்னால் முடியவில்லை. "சாயங்காலம் இல்ல மக்கா. வெள்ளிக்கிழமை" என்றேன்.

"வெள்ளிக்கிழமைன்னா எத்தன உறக்கம்?"

"அஞ்சு."

விரலை மடக்கி எண்ணினாள். ஐந்தையும் மடக்கியதும் கை மூடிக்கொண்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பேக்கை ஒரு தோளில் இருந்து கழற்றினாள். அழவில்லை.

"இப்பிடித்தான் மொதல்ல இருக்கும்" என்றாள் மைனி. "வண்டியில ஏறினா சரியாகும். வா மக்கா, அத்தை ஐஸ்கிரீம் வாங்கித் தாறேன்."

மாமா எழுந்து வந்தார். "அஞ்சு, பிள்ளைக்க பையக் கழத்து" என்றார்.

"என்னப்பா?"

"கழத்துன்னு சொன்னேன். முருகதாசை விட்டது போதும். இதையும் விட வேண்டாம்."

"அப்பா, அத இப்போ என்னத்துக்கு எடுக்கிய? முப்பது வருஷம் ஆச்சு."

"உனக்கு முப்பது வருஷம். எனக்கு நேத்து."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா என்னைப் பார்த்துச் சொன்னார். "நல்ல பள்ளிக்கூடம்னு கோட்டாத்துல எனக்க அக்கா வீட்டுல ரெண்டு பேரையும் விட்டேன் பிள்ள. இவளுக்கு ஒம்பது வயசு, அவனுக்கு அஞ்சு. ஆனியில விட்டது. கார்த்திகையில போய்ப் பாத்தேன். பய வாயத் திறக்கல. அரைப் பரீட்சை லீவுக்குக் கூட்டிட்டு வந்தேன், இஞ்சயும் பேசல. பழகிரும்னு திருப்பிக் கொண்டு விட்டேன். ஒரு வருஷம். வாத்தியாரு, பய ஊமைன்னு எழுதித் தந்தாரு. அந்தத் தாள மடியில வெச்சிட்டு நான் அய்யா பதியில போய் விழுந்தேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த பொறவுதான் பயலுக்குப் பேச்சு வந்தது."

"நான் நல்லா படிச்சேன்லா அப்பா? எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்றாள் மைனி. சத்தம் குறைந்துவிட்டது.

"நீ படிச்ச. அவன் எங்க படுத்துக் கிடந்தான்? நீதான கூட இருந்த, சொல்லு."

மைனி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வாசல்ல. செருப்புப் பக்கத்துல. நான் தூக்கிக் கட்டில்ல கிடத்துவேன், காலையில பாத்தா திரும்பவும் அங்கதான் இருப்பான். அப்பா வந்தா உடனே கிளம்பணும்னு."

அதைச் சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நந்தனா போய் அவள் மடியில் ஏறிக்கொண்டது. யார் யாரைத் தேற்றினார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, பேக் பிள்ளைக்கே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனாள். அவள் மேல் எனக்கு இருந்த வருத்தம் நேற்றோடு போயிற்று. நீங்களும் அவளைக் கோபிக்க வேண்டாம்.

இன்று காலை பத்து மணிக்கு நந்தனாவின் பெயரை அங்கன்வாடி ரெஜிஸ்டரில் எழுதினேன். ஜெபகனி டீச்சர் இருந்தார், சொர்ணம்மாள் இருந்தாள், மாமா கூட வந்தார். தாய் கையெழுத்து என்ற இடத்தில் நான் போட்டேன். இது உங்களிடம் கேட்கிற அனுமதி இல்லை அத்தான், செய்துவிட்டுச் சொல்கிறேன். கோபம் என் மேல் மட்டும் இருக்கட்டும், மாமாவிடம் காட்டாதீர்கள். அடுத்த வருஷம் ஜூனில் எல்கேஜி. நம் ஊருக்கு வேன் வருகிற பள்ளிகள் மூன்று இருக்கின்றன, மூன்றையும் நானே போய்ப் பார்த்து உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். தேர்ந்தெடுப்பதை நீங்களே செய்யுங்கள். எந்தப் பள்ளியானாலும் அவள் ராத்திரி இந்த வீட்டில்தான் உறங்குவாள்.

வீட்டில் நான் பேசுகிறபடிதான் பேசுவேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நமக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருஷம். லீவில் நீங்கள் வீட்டில் இருந்த நாட்கள் மொத்தம் இருநூற்று நாற்பத்து மூன்று. அதில் ஒரு நாள்கூட இதை என்னிடம் சொல்லவில்லை. குறையாக எழுதவில்லை. நேற்றிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை, உங்களை ஐந்து வயதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு எதுவும் நினைவில் நிற்காது என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு நிற்கிறதா? நிற்கிறதென்றால் எனக்கு எழுதுங்கள். எவ்வளவு நீளமானாலும் நான் படிப்பேன். எழுத முடியாவிட்டால், முடியவில்லை என்று ஒரு வரி போதும்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
வடிவு